இடது பக்கம் செத்துக் கிடந்த ஹேண்டில்

போன மாதம் எங்கள் ஊர் மெக்கானிக் சங்கத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். வேலையை விட்டு ஓய்ந்த பழைய ஆட்களுக்கு மாலை போடுகிற கூட்டம். என்னையும் கூட்டிப் போய் மேடையில் உட்கார வைத்தார்கள். ஒரே இடத்தில் உட்காருவது எனக்கு எந்த வயதிலும் ஆகாத காரியம். காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, வாசலில் நிற்கிற வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு இளைஞர் எழுந்து, என் சர்வீஸில் ரொம்பக் கஷ்டமான வேலை எது என்று கேட்டார். யோசிக்காமல் "கோன் செட்டு" என்று சொல்லிவிட்டேன். கீழே இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. என்ஜின் பிரித்ததையோ கியர் பாக்ஸ் மாற்றியதையோ சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். கோன் செட்டு இன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிடுகிற வேலை. நான் விளக்கம் சொல்ல வாய் திறப்பதற்குள் அடுத்தவருக்கு மாலை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் இருப்புக் கொள்ளவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

தொழில் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் முதலில் அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். மோட்டார் சைக்கிளில் ஹேண்டிலுக்கு நேர் கீழே, வண்டியின் சட்டத்தில் ஒரு குட்டைக் குழாய் இருக்கும். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் தண்டு அதற்குள் நுழைந்து மேலே ஹேண்டிலோடு சேரும். குழாயின் மேல் வாயிலும் கீழ் வாயிலும் கிண்ணம் போல ஒரு வளையம், அதற்குள் பொருந்துகிற கூம்பு போல ஒரு வளையம், இரண்டுக்கும் நடுவில் சின்னப் பட்டாணி அளவில் எஃகுக் குண்டுகள். குண்டுகளைச் சுற்றிலும் கிரீஸ். வண்டியின் முன்பாகம் முழுவதும் திரும்புவது இந்தக் குண்டுகளின் மேல்தான். கூடுதலாக முறுக்கினால் வண்டி திரும்ப மறுக்கும். தளர விட்டால் வேகத்தில் ஹேண்டில் கையை உதறும்.

நான் முதலில் இருந்தது திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு பூட்டுப் பட்டறையில். சம்மணம் போட்டு உட்கார்ந்து, நெம்புகோல் தகடுகளை அரத்தால் ராவுகிற வேலை. கை நன்றாக ஓடும். கால்தான் பொறுக்காது. வாசலில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்து ஓடிவிடுவேன். ஒரு நாள் அப்படி எழுந்து போனவன் திரும்பி உள்ளே போகவில்லை. பழனி ரோட்டில் மைதீன் பாய் வைத்திருந்த மோட்டார் சைக்கிள் பட்டறையில் சேர்ந்துகொண்டேன். ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது.

மைதீன் பாய் யுத்த காலத்தில் ராணுவத்தில் மோட்டார் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டவர். ஒல்லியான, உயரமான மனிதர். எப்போதும் வெள்ளைச் சட்டை, கையை முழங்கை வரை மடித்துவிட்டிருப்பார். அவர் சட்டையில் ஒரு பொட்டு கிரீஸ் பட்டு நான் பார்த்ததில்லை. அவரும் உட்கார மாட்டார். பட்டறைக்கு முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருப்பார். இரண்டு நடை ஆட்களுக்கு நடுவில் மூன்றாவது ஆள் கருப்பையா மட்டும் ஒரு கட்டையைப் போட்டு நிம்மதியாக உட்கார்ந்து வேலை பார்ப்பார்.

பாய் யாரையும் திட்டியது கிடையாது. நாம் மாட்டி முடித்த வேலையில் ஏதாவது சரியில்லை என்றால், ஒன்றும் சொல்லாமல் மறுபடி முழுவதையும் கழற்றுவார். கழற்றியதைச் சாக்கில் வரிசையாக வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். எது தப்பு என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். கேட்டாலும் சொல்ல மாட்டார். என் முதல் இரண்டு வருஷமும் அந்தச் சாக்கைப் பார்த்துக்கொண்டே போய்விட்டது. இரண்டு அறை கொடுத்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

கோன் செட்டு பார்ப்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். என்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து, முன் சக்கரம் தரையில் படாதபடி வண்டியை நிறுத்த வேண்டும். முன்னால் குந்தி, ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் அடிப்பக்கம் பிடித்து, நம் பக்கம் இழுத்துத் தள்ளிப் பார்க்க வேண்டும். மெல்லிசாக ஒரு தட்டல் கைக்கு வந்தால் ஆட்டம் இருக்கிறது. பிறகு எழுந்து ஹேண்டிலை நடுவில் வைத்து, ஒற்றை விரலால் தொட்டுவிட வேண்டும். அது தன் பாரத்திலேயே ஒரு பக்கமாகப் போய்ச் சேர வேண்டும். நடுவிலேயே பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றால், வளையத்தில் குழி விழுந்துவிட்டது என்று அர்த்தம். கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் சாய்த்துப் பார்த்தால் இட்லித் தட்டு மாதிரி வரிசையாகக் குழிகள் தெரியும்.

பழைய கிரீஸைத் துடைத்து எறிய விட மாட்டார். இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்து, முகர்ந்து, வெளிச்சத்தில் காட்டி, வண்டி எந்தப் பக்கத்து ரோட்டில் ஓடுகிறது என்று சொல்வார். பாதி நேரம் தப்பாகத்தான் சொல்வார். அதைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது. புதுக் கிரீஸைக் கிண்ணத்தில் அப்பி, குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதிக்க வேண்டும். வரிசை நிறைந்த பிறகும் இன்னொரு குண்டுக்கு இடம் இருப்பதுபோல் தெரியும். அதைத் திணிக்கக்கூடாது. உருளுவதற்கு அந்த இடம் வேண்டும். தண்டை ஏற்றி, மேல் நட்டை இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்தி, ஆட்டமும் இல்லாமல் பிடிப்பும் இல்லாமல் ஒரு இடம் வரும். அந்த இடத்தை ஸ்பேனர் சொல்லாது, கைதான் சொல்லும்.

ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமங்களுக்குப் பூசை வைக்கப் போய்வருகிற ஒரு கத்தோலிக்கச் சாமியார் எங்கள் வாடிக்கை. நானும் வேதக்காரன், கிறிஸ்தவன், என்பதால் அவர் வண்டி என் பொறுப்பு. வாய்க்காலில் வண்டியை இறக்கித் தண்ணீர் அடித்துக் கழுவுகிற பழக்கம் அவருக்கு. ஒரு தடவை பிரேக் பார்க்க வந்தவர், வண்டி இப்போதெல்லாம் நேராகத் தானே போகிறது, ஒரு கையை எடுத்துவிட்டு ஜெபமாலை உருட்ட முடிகிறது என்று சந்தோஷமாகச் சொன்னார். பாய் நடந்துகொண்டிருந்தவர் நின்றார். விரலால் ஹேண்டிலைத் தொட்டார். அது நடுவில் விழுந்து அப்படியே நின்றது. உள்ளே தண்ணீர் போய், கிரீஸ் கரைந்து, குண்டுகள் துருப்பிடித்து வளையத்தைக் குழி பறித்திருந்தன. நேராகப் போவது போலத்தான் இருக்கும். சட்டென்று திருப்ப வேண்டிய இடத்தில் வண்டி கேட்காது. பாய் வண்டியைக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். சாமியாருக்கோ அன்று ஒரு ஊரில் பூசை. கோபித்துக்கொண்டார். கடைசியில் பட்டறை வண்டியில் நான் கொண்டுபோய் விட்டேன். பாதி வழி வரைக்கும் பாயைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டு வந்தவர், மீதி வழியில் பின்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தார்.

இப்படிச் சொன்னால் சிரிக்கிற மாதிரி வேலைகள் நிறைய. நான் மேடையில் நினைத்தது இவற்றை இல்லை. நாச்சிமுத்து அண்ணனின் வண்டியை.

நாச்சிமுத்து அண்ணன் ஒட்டன்சத்திரத்துக்காரர். காய்கறி மண்டி ஒன்றுக்காகத் தோட்டம் தோட்டமாகப் போய்க் காயைப் பார்த்துப் பேசி முடிப்பவர். தக்காளியோ கத்தரியோ செடியில் நிற்கும்போதே முதலில் போய்ச் சேருகிறவருக்குத்தான் பேரம் படியும். கேரளாவுக்குப் போகிற லாரி அவருக்காகக் காத்திருக்கும். அதனால் அவர் பறந்துகொண்டே இருப்பார். பெரிய, கனத்த இங்கிலாந்து வண்டி. பட்டறைக்கு வந்தாலும் என்ஜினை நிறுத்தாமல் பேசுவார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். என்னைப் போலவே தரையில் கால் பாவாத மனிதர்.

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு வந்தார்.

"ஏனுங்க ஆரோக்கியம், ஹேண்டில் இடது பக்கம் செத்துக் கெடக்குதுங்க. ரோட்டுல போறதே கைக்குத் தெரிய மாட்டீங்குது."

கட்டை கொடுத்துப் பார்த்தேன். ஆட்டம் இருந்தது. நடுவில் பள்ளமும் இருந்தது. கழற்றினால் கிரீஸ் காய்ந்து கருப்பட்டி மாதிரி கட்டியாகக் கிடந்தது. மதுரையிலிருந்து புதுக் கோன் செட்டு வரவழைத்து மாற்றினேன். பாய் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நடந்தார். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் வேலை சுத்தம்.

சில நாளில் நாச்சிமுத்து அண்ணன் திரும்பி வந்தார். அதே குறை. இடது பக்கம் செத்துக் கிடக்கிறது. வண்டி தன்பாட்டுக்கு ஓரத்துக்கு இழுக்கிறது.

மறுபடியும் கழற்றினேன். குண்டுகள் கண்ணாடி மாதிரி இருந்தன. அப்படியே மாட்டிவிட்டு, வேறு எங்கே கோளாறு என்று தேடினேன். டயரைப் பார்த்தேன். சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிச் சத்தம் கேட்டேன். முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று நூல் பிடித்தேன். ஃபோர்க் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தேன். ரெட்டியார்சத்திரம் வரை நானே ஓட்டிப் போய்வந்தேன். பட்டு மாதிரி போனது. பாய் ஓட்டிப் பார்த்தார். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அவர் மூன்றாம் தடவை வந்தபோது முழங்காலிலும் முழங்கையிலும் கட்டு. ஒரு வளைவில் விழுந்திருக்கிறார். மாதிரி காட்டுவதற்காக முன்னால் கட்டியிருந்த கூடையிலிருந்த தக்காளி முழுவதும் ரோட்டில் நசுங்கிப் போனதாம். எங்களுக்கு வேலை தெரியவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். மதுரையில் ஒரு பெரிய பட்டறையில் காட்டினாராம், அவர்களும் நட்டை முறுக்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அவர் பேசப் பேச எனக்கு உள்ளே அரித்தது. ஐந்தாறு வருஷத்தில் என்னிடம் வந்த வண்டி சொல்லாமல் விட்டது எதுவும் இல்லை. இது மட்டும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது. வீட்டில் சோறு இறங்கவில்லை. திருப்பலியில் முழங்காலிட்டிருக்கும்போதுகூட அந்தக் குட்டைக் குழாய்தான் கண் முன்னால் நின்றது. இன்னொரு தடவை விழுந்தால் எதிரே லாரி வராமல் இருக்குமா என்று தோன்றும். தோன்றியதும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவேன்.

பாய்தான் ஒரு வழி சொன்னார். வண்டியை இதுவரை நாங்கள் ஓட்டிப் பார்த்தோம். அவர் ஓட்டும்போது யாரும் பார்க்கவில்லை. அவர் ஓட்டட்டும், நீ பின்னால் உட்கார்ந்து போ என்றார்.

போனேன். வண்டி உண்மையாகவே இடது பக்கம் ஒதுங்கியது. அவர் அதை வலது கையால் இழுத்து இழுத்து நேராக்கினார். எட்டிப் பார்த்தேன். அவர் இடது கையில் சுண்டு விரலும் பக்கத்து விரலும் ஹேண்டிலைச் சுற்றியே பிடிக்கவில்லை. மடங்கி, சும்மா மேலே ஒட்டிக்கொண்டிருந்தன. கிளட்சை மற்ற இரண்டு விரலால் மட்டும் இழுத்தார். அது அவருக்கே தெரிந்த மாதிரி இல்லை.

ரெட்டியார்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தினார். கண்ணாடிக் கிளாஸில் ஆவி பறக்கக் கொடுத்தார்கள். விளிம்பைத் தவிர என்னால் எங்கேயும் தொட முடியவில்லை. அவர் இடது கையில் முழுதாகப் பொத்திப் பிடித்துக்கொண்டு, அந்த வாரத்துக் கத்தரிக்காயைப் பற்றிக் கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். உள்ளங்கை ஓரம் சிவந்துகொண்டே வந்தது. நான் கிளாஸை வாங்கிப் பலகையில் வைத்தேன். எதற்கு வாங்கினேன் என்றுகூட அவர் கேட்கவில்லை.

அந்தக் காலத்தில் அது என்ன என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேரைச் சொல்லப் பயந்து பெரு வியாதி என்பார்கள். தொழுநோய். மரத்த கை, மடங்கின விரல். எங்கள் பக்கத்தில் அதோடு கோவில் வாசலில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். பட்டறைக்குத் திரும்பியதும் மண்ணெண்ணெயில் கையைக் கழுவினேன். பிறகு சோப்புப் போட்டுக் கழுவினேன். பிறகு மறுபடியும். எத்தனை நாளாக அதே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் உடம்பு கூசியது. விழுந்து அடிபட்ட மனிதரை நினைத்தாலும் கூசியது. இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு கழுவிக்கொண்டே இருந்தேன்.

பாயிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் நடக்காமல் நின்றார்.

"எனக்கும் பயந்தான். அதுக்காக அவரு வண்டிக் கோளாறுன்னு சொல்லச் சொல்ல நாம கழட்டிக்கிட்டே இருக்க முடியுமா?"

மறுநாள் மதியம் நாச்சிமுத்து அண்ணன் வந்தார். வேறு ஒரு வண்டியின் குண்டுகளைக் கழுவித் தட்டில் வைத்திருந்தேன். பாய் கருப்பையாவைக் கடைத்தெருவுக்கு அனுப்பினார். நாச்சிமுத்து அண்ணனைக் கட்டையில் உட்காரச் சொல்லி, தானும் எதிரில் குந்தினார். அவர் ஒரு ஆளுக்கு எதிரில் அப்படி அமர்ந்து நான் பார்த்ததில்லை.

"கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு கையையும் விரிச்சு வைங்க. குண்டு வச்சதும் சொல்லுங்க" என்றார்.

ஏதோ வண்டிக்கான சோதனை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார். பாய் வலது உள்ளங்கையில் ஒரு குண்டை வைத்தார். "வச்சுட்டீங்க" என்றார். இடது கைக் கட்டைவிரல் பக்கம் வைத்தார். "இதும் தெரியுதுங்க." அதை எடுத்து, இடது சுண்டு விரலுக்குக் கீழே, உள்ளங்கை ஓரத்தில் வைத்தார்.

நாச்சிமுத்து அண்ணன் காத்திருந்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது.

"வைங்க பாயி. ஏன் நிறுத்திட்டீங்க?"

பாய் இன்னொரு குண்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒன்றோடொன்று பட்டு மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தில்தான் அவர் கண்ணைத் திறந்தார். கையைப் பார்த்தார். மூடப் பார்த்தார். மூன்று விரல்கள் மூடின. இரண்டு வரவில்லை. குண்டுகள் அந்த வழியே நழுவித் தரையில் உருண்டு போயின. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

நாச்சிமுத்து அண்ணன் இடது கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "என்ற பொண்டாட்டிக்குத் தெரிய வேண்டாமுங்க" என்றார். அது மட்டும்தான்.

பாய் மெதுவாகச் சொன்னார். திண்டுக்கல்லுக்கு வெளியே கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஆஸ்பத்திரி இருக்கிறது, இதற்கு மாத்திரை கொடுக்கிறார்கள், ஆரம்பத்திலேயே போனால் விரல் நிற்கும் என்று சாமியாரிடம் கேட்டு வைத்திருந்தார். நாச்சிமுத்து அண்ணன் தலையை ஆட்டினார். கேட்டாரா என்று தெரியவில்லை. எழுந்து வண்டியை உதைத்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு வரவேயில்லை. நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கனத்த வண்டிச் சத்தம் எது கேட்டாலும் கையில் ஸ்பேனரோடு வாசலுக்குப் போவேன். வேறு யாராவது போவார்கள். ஆஸ்பத்திரியில் சாமியார் மூலம் விசாரித்தேன். அப்படி ஒருவர் வரவில்லை என்றார்கள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒட்டன்சத்திரம் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

மார்க்கெட்டில் விசாரித்து வீட்டுக்குப் போனேன். வாசலில் வண்டி நின்றது. மேலே சாக்குப் போட்டு மூடியிருந்தது. முன் டயரில் காற்று இல்லை. அவர் வீட்டில் இல்லை. அவர் மனைவி பழனியம்மாள் வெளியே வந்தார். திண்டுக்கல் பட்டறைக்காரன் என்றதும் உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தார். அவர் இப்போது மண்டிக்கே போவதில்லை என்றும், காலையில் தோட்டத்துப் பக்கம் போனால் பொழுது சாய்ந்துதான் வருகிறார் என்றும் சொன்னார். வண்டியில் என்னதான் கோளாறு என்று கேட்டார்.

நான் ஒன்றும் சொல்லக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு போனவன். நாச்சிமுத்து அண்ணன் வார்த்தை காதில் இருந்தது. வண்டியில் ஒன்றும் இல்லை என்று மட்டும் சொன்னேன். பழனியம்மாள் சாக்கு மூடின வண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"வண்டியில ஒண்ணுமில்லீங்களா? அப்பச் சரிதான். உலை மூடிய வெறுங்கையில எடுப்பாருங்க. ஆறேழு மாசமா நானும் பாத்துட்டுத்தான் இருக்கறேன். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா எங்கியாவது போயிருவாருன்னு வாயத் தொறக்கலீங்க."

தண்ணீர்ச் சொம்பைத் திண்ணையில் வைத்தேன். ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொன்னேன். அவர் அழவும் இல்லை, வேறு எதுவும் கேட்கவும் இல்லை.

"அந்த ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ல வரோணுமுங்க?"

அந்த வாரமே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நான் போய் நின்றேன். பழனியம்மாள் முன்னால் இறங்கினார். பின்னால் அவர், கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் முன்னால் நடந்தேன்.

அங்கே இருந்த டாக்டரம்மா ஒரு கன்னியாஸ்திரி. இறகாலும் ஊசியாலும் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, முழங்கையில் நரம்பைத் தடவினார். சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்றார். மாத்திரை வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டும், விரலுக்குப் பயிற்சி செய்ய வேண்டும், சுடுகிற பொருளை இடது கையால் தொடக்கூடாது. தொட்டதும் ஒட்டிக்கொள்கிற வியாதி இது இல்லை என்று அவர் சொன்னபோது என்னைப் பார்த்துச் சொன்னதுபோல் இருந்தது. நாச்சிமுத்து அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். வண்டி ஓட்டலாமா? டாக்டரம்மா அவர் விரல்களை மடக்கிப் பார்த்தார். கைப்பிடி நன்றாகப் பிடிக்கிற மாதிரி இருந்தால், விரல் உரசிப் புண்ணாகாமல் பார்த்துக்கொண்டால், ஓட்டலாம் என்றார்.

அந்தப் பதிலில்தான் எங்கள் வேலை ஆரம்பித்தது. இடது கைப்பிடியில் துணியைச் சுற்றி, மேலே ரப்பர் டியூப் போட்டுத் தடிமனாக்கினேன். மடங்கின விரல் அதில் வசமாக உட்கார்ந்தது. கிளட்ச் லீவரைக் கிட்டத்தில் வளைத்து, கேபிளுக்கு எண்ணெய் விட்டு இலேசாக்கினேன். ஆனால் கோன் செட்டுதான் பெரிய கவலை. மற்றவர்கள் வண்டியில் ஆட்டம் விழுந்தால் அவர்கள் கை முதலில் சொல்லிவிடும், ஓடி வருவார்கள். இவருக்கு அது பாதிதான் தெரியும். அதனால் குறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதத்துக்கு ஒரு தடவை வர வேண்டும் என்று பாய் கட்டளை போட்டார். ஒவ்வொரு தடவையும் கட்டை கொடுத்து இழுத்துப் பார்ப்பேன். மழை முடிந்தால் முழுவதும் கழற்றிக் கழுவி, புதுக் கிரீஸ் அப்பி மாட்டுவேன். பாய் தானும் ஒருமுறை விரலால் தொட்டுப் பார்க்காமல் அந்த வண்டியை வெளியே விட்டதில்லை.

கருப்பையா அந்த வண்டியைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். அவருக்கு வீட்டில் சின்னப் பிள்ளைகள். பாய் வற்புறுத்தவில்லை. டாக்டரம்மா சொன்னதை எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தோம். கடைசி வரைக்கும் தொடவில்லை. ஆனால் வெளியில் ஒருவரிடமும் வாயைத் திறந்ததில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

ஒருமுறை மண்டி முதலாளியே காரில் வந்து இறங்கினார். நாச்சிமுத்து ஏன் மாதாமாதம் திண்டுக்கல்லுக்கு வருகிறான், யாரோ ஆஸ்பத்திரிப் பக்கம் பார்த்ததாகச் சொல்கிறார்களே என்று கேட்டார். பாய் அன்று ஊரில் இல்லை. கருப்பையா குனிந்தபடி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தெரிந்துபோனால் நாச்சிமுத்து அண்ணன் கை பட்ட காய் ஒரு கூடைகூட விற்காது. 

"பழைய வண்டிங்க ஐயா. கோன் செட்டு அடிக்கடி தளர்ந்துபோகுது. பாக்காம விட்டா ஆளத் தள்ளிரும்" என்றேன்.

அவர் என் கையிலிருந்த கிரீஸைப் பார்த்தார். சரி, நன்றாகப் பார்த்துக் கொடு என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். பொய் சொன்ன நினைப்பே எனக்கு வரவில்லை.

இப்படியே வருஷங்கள் போயின. நாச்சிமுத்து அண்ணன் மறுபடியும் பறக்க ஆரம்பித்தார். சுண்டு விரல் கொஞ்சம் வளைந்தபடியே நின்றுவிட்டது. அதற்கு மேல் போகவில்லை. ஆஸ்பத்திரியில் மாத்திரையை நிறுத்திக்கொள்ளலாம் என்று சொன்ன நாளில் பழனியம்மாள் பட்டறைக்கு ஒரு கூடை முருங்கைக்காய் கொண்டுவந்தார். கருப்பையாவும் அதில் ஒரு கட்டு எடுத்துக்கொண்டு போனார்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள் காலை. அவர் மாதாந்தரம் வருகிற நாள் அது இல்லை. போன வாரம்தான் புது வளையம் மாட்டி அனுப்பியிருந்தேன். என்ஜினை நிறுத்தாமல் வாசலில் நின்றுகொண்டு, ஹேண்டில் ஆடுகிறது என்றார்.  பழைய கதை திரும்புகிறது என்றுதான் நினைத்தேன். வண்டியைக் கட்டை கொடுத்து நிறுத்தி, முன்னால் குந்தி, ஃபோர்க்கைப் பிடித்து இழுத்தேன்.

ஒரு தட்டல் வந்தது. ரொம்ப மெல்லிசு. புது ஆளாக இருந்தால் விட்டுவிடுவான். இன்னொரு தடவை இழுத்தேன். இருந்தது. போன வாரம் மாட்டின வளையம் ஓட்டத்தில் படிந்து, நட்டு ஒரு மயிரிழை தளர்ந்திருந்தது.

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அவர் கையைத் தூக்கித் தானே பார்த்துக்கொண்டார்.

"இடது கையிலதானுங்க. இங்க, சுண்டு விரலுக்குக் கீழ. ரெண்டு நாளா ஏதோ குறுகுறுங்குது."

பாய் நடந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார். முன்பு அவர் குண்டு வைத்தும் தெரியாமல் போன அதே இடம். ஸ்பேனரை எடுத்து நட்டைக் கொஞ்சம் முறுக்கினேன். விரலால் தொட்டேன். ஹேண்டில் தன்பாட்டுக்கு ஒரு பக்கமாகப் போய்ச் சேர்ந்தது. வெயில் ஏறுகிறது, தோட்டத்தில் வெண்டைக்காய் முற்றிவிடும் என்று அவர் அவசரப்படுத்தினார். வண்டியை இறக்கிக் கொடுத்தேன். அதே வேகத்தில் பழனி ரோட்டில் போனார்.

அன்றைக்கு மதியம் வரைக்கும் வேறு எந்த வண்டியிலும் எனக்குக் கை ஓடவில்லை.